உறையும் அட்டையும்

படக்கதை நூல்களுக்கு உறை வாங்குவது எப்படி, அட்டை தேர்வது எப்படி என்று ஒரு தமிழ்ப் பள்ளித் தலைமையாசிரியர் கட்டுரை எழுத முற்படுவதைக் கண்டு சிலர் முகம் சுளிக்கக்கூடும். இலக்கணமும் இலக்கியமும் இருக்க இதுவா பொருள் என்று அவர்கள் கேட்பது என் காதில் விழாமல் இல்லை. அவர்கள் நம் முன்னோர் ஏட்டுச் சுவடிகளைப் பேணிய முறையைச் சற்றே எண்ணிப் பார்க்க வேண்டும். ஓலைக்கட்டின் மேலும் கீழும் அதன் அளவுக்கேற்ற இரு சட்டங்களை வைத்தனர்; கயிறு கோத்துக் கட்டினர்; துணியில் பொதிந்தனர்; பூச்சி அணுகாதிருக்க எலுமிச்சைப்புல் எண்ணெய் தடவினர். வளையாமல் தாங்குவதற்கு ஒன்று, தூசு படாமல் மூடுவதற்கு ஒன்று. இன்று படக்கதை சேகரிப்போர் கடையில் கேட்டு வாங்கும் அட்டையும் உறையும் அந்தச் சட்டமும் துணியுமே அன்றி வேறல்ல. உ.வே. சாமிநாதையர் சுவடி தேடி ஊர் ஊராக அலைந்த வரலாற்றை வகுப்பில் உருக்கமாகச் சொல்கிறோம். நம் கண்ணெதிரே நம் தலைமுறையின் இளமை வாசிப்பு பழுப்பேறி உதிர்ந்து கொண்டிருப்பதை மட்டும் ஏனோ கவனிப்பதில்லை.

அந்த வாசிப்பு எது என்பதை இன்றைய மாணவர்க்குச் சொல்ல வேண்டும். 1947ஆம் ஆண்டில் சென்னையில் தொடங்கப்பெற்ற அம்புலிமாமா. 1972ஆம் ஆண்டில் சிவகாசியில் தோன்றிய முத்து காமிக்ஸ். 1984ஆம் ஆண்டில் வெளிவரத் தொடங்கிய லயன் காமிக்ஸ், ராணி காமிக்ஸ். முத்து காமிக்ஸின் வழியே தமிழ்ச் சிறுவர் உள்ளத்தில் குடிபுகுந்த இரும்புக்கை மாயாவி, உண்மையில் இங்கிலாந்தில் 1962ஆம் ஆண்டு முதல் வேலியண்ட் என்னும் வார இதழில் உலவியவன். அவனை வரைந்தவர் ஸ்பெயின் நாட்டு ஓவியர் ஹெசூஸ் பிளாஸ்கோ. ஸ்பெயினில் வரையப்பட்டு, இலண்டனில் அச்சாகி, சிவகாசியில் தமிழ் பேசி, கடல் கடந்து நம் தோட்டத்து லயங்களுக்கு வந்து சேர்ந்த அந்த மாயாவியை எங்கள் ஆசிரியர்கள் கண்டவிடத்தில் பறிமுதல் செய்தார்கள். பாடநூலுக்குள் ஒளித்து வைத்துப் படித்தோம். நான் பணியாற்றிய பள்ளிகளுள் ஒன்றின் நூலகப் பதிவேட்டிலேனும் இத்தகைய நூல் ஒன்று ஏறியிருக்கக் கண்டதில்லை. ஆகவே இவை எஞ்சியிருப்பதெல்லாம் தனியார் வீட்டுப் பெட்டிகளில்தான்.

அப்படிப்பட்ட பெட்டி ஒன்று எங்கள் பள்ளிக்கு வந்தது. தோட்டத்தில் கிராணியாராக இருந்து மறைந்த ஒருவரின் சேகரிப்பு அது. அவருடைய மகள், நாற்பது வயதைக் கடந்தவர், காரின் பின்னிருக்கையில் ஏற்றிக் கொண்டுவந்து இறக்கினார். ஏறத்தாழ நூற்றைம்பது நூல்கள். அவற்றுள் தமக்கு மிக விருப்பமான முப்பதையோ நாற்பதையோ அந்தப் பெரியவர் தனித்தனியே பிளாஸ்டிக் உறையிலிட்டு, உள்ளே ஓர் அட்டையும் செருகி, வாயை ஒட்டுநாடாவால் அடைத்து வைத்திருந்தார். மற்றவற்றைப் பழைய மரப்பெட்டியில் நெருக்கமாக அடுக்கி விட்டிருந்தார்.

நாங்கள் திறந்து பார்த்தபோது, உறையிலிட்டுப் போற்றப்பட்டவையே பெரிதும் கெட்டிருந்தன. பிளாஸ்டிக் மஞ்சள் நிறம் கொண்டு, தொட்டால் பிசுபிசுத்தது. மேலட்டையின் சிவப்பு மை அதில் ஒட்டிக்கொண்டு நூலை உருவும்போது உரிந்து வந்தது. உள்ளே செருகிய அட்டை பட்ட பக்கம் முழுவதும் காப்பி சிந்தியது போன்ற கறை. மரப்பெட்டியில் வெறுமனே அடுக்கப்பட்டவையோ ஓரங்கள் மட்டும் பழுத்து, நடுவில் ஓரளவு வெளுப்பாகவே இருந்தன. அன்போடு செய்த காப்பே நஞ்சாயிற்று என்பதைக் கண்ட அந்த அம்மையார் ஒன்றும் பேசவில்லை. உரிந்த அட்டைகளை மேசைமேல் வரிசையாக வைத்துப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஏன் இவ்வாறு நேர்ந்தது? அறிவியல் ஆசிரியர்கள் வகுப்பில் எடுத்துரைக்கத்தக்க செய்தி இது. பழைய படக்கதைகள் பெரும்பாலும் செய்தித்தாள் அச்சடிக்கும் மலிவான தாளில் வந்தவை. மரத்தை அரைத்துச் செய்யும் அத்தாளில் லிக்னின் என்னும் பொருள் நீக்கப்படாமல் தங்கிவிடுகிறது. ஒளியும் காற்றும் பட்டு லிக்னின் பழுக்கிறது, அமிலம் பிறக்கிறது, அவ்வமிலம் தாளின் உயிர்நாடியாகிய செல்லுலோஸ் இழைகளைத் துண்டு துண்டாக வெட்டுகிறது. வெப்பமும் ஈரமும் மிகுந்தால் அவ்வேலை விரைகிறது. ஆகவே நூலின் பகை நூலுக்குள்ளேயே இருக்கிறது. நாம் வாங்கும் உறையும் அட்டையும் அப்பகையை ஒழிக்கப் போவதில்லை. அதனோடு கூட்டுச் சேராமல் இருந்தாலே போதும்.

உறைகளுள் கூட்டுச் சேர்வது பி.வி.சி. என்னும் வகை. பள்ளி தொடங்கும் வாரத்தில் பாடநூல்களுக்குப் போட நாம் சுருள் சுருளாக வாங்கும் வழவழப்பான பிளாஸ்டிக்கில் பெரும்பகுதி இதுவே. புதிய மழைச்சட்டையைப் பிரித்தவுடன் ஒரு நெடி வருமே, அந்த நெடி இதன் அடையாளம். இயல்பில் விறைப்பான இந்தப் பிளாஸ்டிக்கை மென்மையாக்க எண்ணெய் போன்ற ஒரு பொருளைக் கலக்கிறார்கள். நாளடைவில் அது கசிந்து அச்சுமையை இளக்குகிறது. பிளாஸ்டிக் சிதையும்போது ஹைட்ரோகுளோரிக் அமிலமும் வெளிப்படுகிறது. ஓராண்டு மட்டும் உழைக்க வேண்டிய பாடநூலுக்கு இதனால் தீங்கில்லை. நாற்பது ஆண்டு இருக்க வேண்டிய நூலை இதற்குள் வைப்பது, பாலைப் புளிக்குடத்தில் ஊற்றி வைப்பது போன்றது.

நம்பத்தக்கவை மூன்று. பாலிஎத்திலீன், பாலிப்ரொப்பிலீன், பாலியெஸ்டர். மேற்பூச்சு எதுவும் இல்லாத இம்மூன்றையும் அமெரிக்க நாடாளுமன்ற நூலகமும் ஏற்கிறது. பாலிஎத்திலீன் சற்று மங்கலாக, மெத்தென்று, இழுத்தால் நீளும். பாலிப்ரொப்பிலீன் தெளிவானது, கசக்கினால் சலசலக்கும். சேகரிப்போர் பெரிதும் வாங்குவது இதனையே. பாலியெஸ்டர் கண்ணாடி போல் தெளிவும் விறைப்பும் உடையது. மைலார் என்னும் வணிகப் பெயரால் இதனைப் பலர் அறிவர். முன்னவை இரண்டையும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். பாலியெஸ்டர் பல பத்தாண்டு உழைக்கும். விலையும் அதற்கேற்பப் பன்மடங்கு. ஆனால் ஒன்று: பாலியெஸ்டர் நிலைமின்னைத் தாங்குவது. உதிரும் நிலையிலுள்ள அட்டையின் செதிள்களை அது தன்பால் இழுத்துக்கொள்ளும். விலை உயர்ந்தது என்பதற்காகவே எல்லாவற்றையும் அதில் இடுதல் அறிவுடைமை ஆகாது.

கடைக்காரர் சொல்லை மட்டும் நம்ப வேண்டியதில்லை. உறையின் விளிம்பிலிருந்து நகக்கண் அளவு துண்டு வெட்டி, ஒரு குவளை நீரில் இட்டு, குமிழி ஒட்டாதிருக்கச் சவர்க்காரக் கரைசல் ஒரு துளி சேர்த்து, குச்சியால் முழுவதும் அமிழ்த்தி விடுங்கள். மிதந்து மேலே வந்தால் அது பாலிஎத்திலீனோ பாலிப்ரொப்பிலீனோ ஆகும். அவை நீரினும் இலேசானவை. அடியில் தங்கினால் பாலியெஸ்டராகவும் இருக்கலாம், பி.வி.சி.யாகவும் இருக்கலாம். அதன்பின் செய்யும் சோதனையை ஆசிரியர் தாமே, மாணவரை விலக்கி நிறுத்தி, காற்றோட்டமான இடத்தில் செய்ய வேண்டும். ஏனெனில் எழும் புகை தீயது. செப்புக் கம்பியைச் சுடரில் காட்டிச் சிவக்கச் செய்து, அந்தப் பிளாஸ்டிக்கைத் தொட்டு, மீண்டும் சுடரில் பிடித்தால், குளோரின் கலந்த பி.வி.சி. பச்சை நிறச் சுடர் காட்டும். பாலியெஸ்டர் காட்டாது. வேதியியலில் பெயில்ஸ்டைன் சோதனை என்று இதனை வழங்குவர். கிராணியாரின் உறைத் துண்டு நீரில் கல்லைப் போல் அமிழ்ந்தது. சுடர் கிளிப்பச்சையாக எழுந்தது.

இனி அட்டை. உறையைப் பற்றி நூறு கேள்வி கேட்பவரும் அட்டையில் ஏமாந்து விடுகிறார்கள். வெள்ளையாக இருந்தால் நல்லது என்று எண்ணிவிடுகிறார்கள். சட்டைப் பொதியில் வரும் அட்டை, பிஸ்கட் பெட்டி அட்டை, வைக்கோல் அட்டை ஆகிய எல்லாம் அமிலம் சுரப்பவை. நூலின் முதுகில் அவற்றை ஒட்டி வைத்தால், நூலின் அமிலத்தோடு அட்டையின் அமிலமும் சேர்ந்து கறை பிடிக்கும். நூலுக்குப் பின்னே வைப்பதற்கென்று செய்யப்படும் நல்ல அட்டையில் கால்சியம் கார்பனேட் கலந்திருப்பார்கள். நம் சுண்ணாம்புக்கல் இனத்தைச் சேர்ந்த பொருள்தான். பொதுவாக நூற்றுக்கு 3 பங்கு. தாளிலிருந்து வரும் அமிலத்தைச் சிறிது காலம் அது ஏற்று அடக்குகிறது. அட்டை முழுவதும் ஊறிக் கலந்ததா, ஒரு பக்கத்தில் மட்டும் பூசியதா என்று பொதியைப் படித்துப் பாருங்கள். ஒருபக்கப் பூச்சு என்றால் அந்தப் பக்கமே, பெரும்பாலும் வழவழப்பான பக்கம், நூலை நோக்கி இருக்க வேண்டும். திருப்பி வைத்தால் கொடுத்த காசுக்குப் பயனில்லை. ஐயம் எழுந்தால் அமிலம் காட்டும் பேனாவால் ஓரத்தில் ஒரு கோடு இழுக்கலாம். அமிலமற்ற அட்டையில் கோடு ஊதாவாக நிற்கும், அமிலம் உள்ளதில் மஞ்சளிக்கும். இந்தப் பேனாவை நூலின்மேல் மட்டும் ஓட்டிப் பார்க்காதீர்கள்.

அளவைப் பற்றிச் சொல்லப் புகுந்தால் ஒரு வேடிக்கை நினைவுக்கு வருகிறது. சங்க காலம், மருவிய காலம் என்று நாம் இலக்கியத்தைப் பகுத்து வாதிடுவது போல, அமெரிக்கர் தம் படக்கதைகளைப் பொற்காலம், வெள்ளிக் காலம் என்று பகுத்திருக்கிறார்கள். 1938ஆம் ஆண்டில் சூப்பர்மேன் தோன்றிய ஆக்ஷன் காமிக்ஸ் முதல் இதழே பொற்காலத்தின் வாயில். 10 காசுக்கு விற்ற அவ்விதழின் படியொன்று 2024ஆம் ஆண்டில் 60 இலட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. கடையில் கிடைக்கும் உறைகள் இந்தக் காலப் பகுப்பின்படியே அகலம் வேறுபடுகின்றன; பொற்கால உறை அகன்றது, தற்கால உறை குறுகியது. நம் தமிழ் நூல்களுக்கு அந்தக் காலமும் இல்லை, அந்த அளவும் இல்லை. கையடக்கமாக வந்தவை உண்டு. அம்புலிமாமாவைப் போல் அகன்றவை உண்டு. ஒரே வெளியீடு ஆண்டுக்காண்டு அளவு மாறியதும் உண்டு. எனவே பெயரைப் பார்த்து வாங்காமல் அளவுகோலை எடுத்து அளந்து வாங்குவதே வழி. உறை நூலைவிடச் சில மில்லிமீட்டர் அகன்றிருக்கட்டும். அட்டை நூலைவிடச் சற்றே பெரிதாகவும் உறையைவிடச் சற்றே சிறிதாகவும் இருக்கட்டும். அப்போதுதான் இடியும் அடியும் அட்டையின் மூலைக்குப் போகும், நூலின் மூலைக்கு வாரா. சிறிய நூலுக்குப் பெரிய அட்டையை வெட்டிக்கொள்ளலாம். எங்கள் பள்ளியில் ஆறாம் ஆண்டு மாணவர் அளந்து கோடிட்டார்கள்; கத்தியை ஆசிரியர்கள் பிடித்தார்கள்.

உறையின் வாயைப் பற்றி ஒரு சொல். மடிப்பின்மேல் ஒட்டுநாடா ஒட்டுவோர், நூலை வெளியே எடுக்கும்போது அந்நாடா மேலட்டையைக் கவ்வி உரித்துவிடும் என்பதை அறிவதில்லை. மடிப்பை உள்ளே செருகிவிட்டால் போதும். முழுவதும் அடைப்பது வேறொரு வகையிலும் தீது. அமிலம் மிக்க தாளைக் காற்றுப் புகாமல் பாலியெஸ்டரில் அடைத்தால், வெளியேற வழியில்லாத ஆவிகள் உள்ளேயே சுழன்று, தாள் விரைவில் முதுமை எய்துகிறது என்று ஆய்வாளர் கண்டிருக்கின்றனர். நம் நாட்டிலோ காற்றின் ஈரப்பதம் நூற்றுக்கு 80 அளவில் நிற்பது; 65ஐயோ 70ஐயோ தாண்டினால் பூஞ்சணம் பூக்கும். மழை நாளில் நூலை உறையிலிட்டு அடைப்பவர் மழையையும் சேர்த்தே அடைக்கிறார்.

இவ்விடத்தில் அமெரிக்காவில் நிகழ்ந்த ஒன்றை எண்ண வேண்டும். டென்வர் நகரில் எட்கர் சர்ச் என்னும் விளம்பர ஓவியர் சேர்த்து வைத்த 18,000க்கும் மேற்பட்ட படக்கதைகள் 1977ஆம் ஆண்டில் வெளிப்பட்டன. முப்பது நாற்பது ஆண்டு பழமையான அவற்றின் தாள் அன்று அச்சானது போல் வெளுத்திருந்தது. அவற்றுக்கு உறையும் இல்லை, அட்டையும் இல்லை. உயர்ந்த மேட்டு நிலத்தின் வறண்ட காற்றும், இருண்ட அறையும், நெருங்க அடுக்கிய அடுக்குமே காத்தன. கிராணியாரின் மரப்பெட்டி ஏன் வென்றது என்பதும் இதனால் விளங்கும். நமக்கு டென்வரின் காற்று வாய்க்காது. ஆயினும் வெளிச்சுவரை ஒட்டாமலும் தரையில் வைக்காமலும், காற்று உலவும் அலமாரியில், நெருங்க அடுக்கி வைத்தல் நம் கையில் உள்ளது. நிற்க வைத்தால் சாயாமல் வரிசை நிறைந்திருக்க வேண்டும். நிறையாவிட்டால் படுக்க வைத்துச் சிறு அடுக்குகளாக வைப்பதே நன்று. இடம் சரியில்லாதவர் உறைக்குச் செலவிடும் பணம் வீண் என்பது என் துணிபு. படக்கருவி வைத்திருப்போர் பயன்படுத்தும் ஈரம் நீக்கும் பேழை ஒன்று வாங்கக் கூடுமாயின் மிக நொய்ந்தவற்றை அதில் வைக்கலாம். எல்லாவற்றுக்கும் அது கட்டுப்படியாகாது.

துருப்பிடித்த கம்பித் தைப்பு நம் நாட்டில் ஒரு பெருந்தொல்லை. சேகரிப்போர் கம்பியை மாற்றினால் நூலின் மதிப்புக் குறையும் என்பர். விற்பவர்க்கு அது சரி. நூலகத்துக்கு அது பொருந்தாது. துரு தாளைத் தின்னும் முன்னே கம்பியைப் பொறுமையாக நீக்கி, அதே துளைகளின் வழியே பருத்தி நூல் கோத்துவிடச் செய்தேன். இராமபாணப் பூச்சிக்கோ, ஆண்டுக்கு ஒருமுறை எல்லாவற்றையும் எடுத்துத் தட்டி, பார்த்து, மாற்றி வைப்பதைவிடச் சிறந்த மருந்து இல்லை. கலைமகள் பூசைக்கு நூல்களை இறக்கி வைக்கும் வழக்கம் நமக்கு இருக்கவே இருக்கிறது. மஞ்சளித்த உறையும் கறைபட்ட அட்டையும் அன்று மாறும். அன்று நூலுக்குச் சந்தனமும் குங்குமமும் இடுதல் மட்டும் வேண்டாம்.

இவை எல்லாவற்றையும் செய்து முடித்தபின் எழுந்த கேள்விதான் கடினமானது. உறையிலிட்டதைப் பிள்ளைகள் படிக்கலாமா? சேகரிப்பு உலகில் தொடப்படாத நூலே உயர்ந்த நூல். ஆசிரியர் கூட்டத்திலும், "ஐயா, இவ்வளவு பாடுபட்டுக் காத்துவிட்டு மாணவர் கையில் கொடுப்பதா?" என்று கேட்டார்கள். நான் அந்த அம்மையாரைத் தொலைபேசியில் அழைத்து அவர் கருத்தைக் கேட்டேன். சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு அவர் சொன்னார்:

"சார், அப்பா இதையெல்லாம் எங்களுக்காகத்தான் வாங்கினார் என்று அம்மா சொல்வார்கள். ஆனால் கைபட்டால் அட்டை மடங்கிவிடும் என்று எங்களைத் தொட விட்டதே இல்லை. அந்தப் பெட்டியில் உள்ள ஒரு கதைகூட எனக்குத் தெரியாது."

அதன்பின் எனக்கு ஐயம் எழவில்லை. மடித்தால் ஒடியும் நிலையில் உள்ளவை பாலியெஸ்டர் உறையில், பேழையில் இருக்கும். கேட்போர்க்கு ஆசிரியர் உடனிருந்து விரித்துக் காட்டுவார். இரு படிகள் உள்ளவற்றில் ஒன்று படிப்பதற்கு. மற்றவை அனைத்தையும் வியாழக்கிழமைதோறும் நூலக வேளையில், கை கழுவித் துடைத்துவிட்டு, மேசைமேல் வைத்து மாணவர் படிக்கலாம். நூலை அட்டையோடு சேர்த்தே உறையிலிருந்து உருவ வேண்டும், படித்தபின் அட்டையோடு சேர்த்தே நுழைக்க வேண்டும் என்பது ஒன்றே அவர்களுக்கு இட்ட கட்டளை. பெரியவர்களைவிட அவர்கள் அதனை நன்றாகவே செய்கிறார்கள். அந்த அம்மையாரும் ஒரு வியாழனன்று வந்து, பிள்ளைகளுக்குரிய சிறு நாற்காலியில் அமர்ந்து, மாயாவி கதை ஒன்றை முதற்பக்கம் தொடங்கிக் கடைசிப் பக்கம் வரை படித்தார். இடையில் நான் போய்ப் பேச்சுக் கொடுக்கவில்லை.

சேகரிப்பில் ஒரு நூல் மட்டும் இன்னும் பதிவேட்டில் ஏறவில்லை. மேலட்டை இல்லை, முதல் எட்டுப் பக்கங்களும் இல்லை, எந்த வெளியீடு, எந்த ஆண்டு என்று அறிய ஒரு குறிப்பும் இல்லை. தாள் இருபுறமும் வளைவதால் முன்னும் பின்னும் இரண்டு அட்டை வைத்து, சுவடிக்குச் சட்டம் இட்டது போல், நடுவே நிறுத்தியிருக்கிறோம். கடைசிப் பக்கத்தின் ஓரத்தில் பென்சிலால் ஒரு சிறுவனின் பெயரும் "மூன்றாம் வகுப்பு" என்பதும் எழுதப்பட்டுள்ளன. அது கிராணியாரின் பெயர் அன்று.